சவ்வு கறுத்தால் போச்சு: பாலிடோபமைன் பூச்சு போடும் முறை

சென்ற பருவத்தில் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி ஒரு பெட்ரி தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "மேம், சூப்பரா வந்திருக்கு, பாருங்க." தண்ணீர் வடிகட்டும்போது புரதம் ஒட்டி அடைக்காமல் இருக்கப் பூச்சு போட்ட வட்டச் சவ்வு அது. அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

"எவ்ளோ நேரம் வச்சே?"

"நேத்து சாயந்திரம் போட்டேன் மேம். பேப்பர்ல இருபத்திநாலு மணி நேரம்னு இருந்துச்சு."

தண்ணீர் விட்டுப் பார்த்தோம். 1 பார் அழுத்தத்தில், பூச்சு இல்லாத துண்டு ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 150 லிட்டர் விட்டது. இவளுடைய கறுப்புத் துண்டு 22 லிட்டர். புரதம் ஒட்டவில்லைதான். தண்ணீரே போகாத இடத்தில் புரதம் எங்கே போய் ஒட்டும்?

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆய்வுப் படிப்பின் முதல் வருடம் முழுக்க நானும் இதையே செய்துகொண்டிருந்தேன். அதனால்தான் பாலிஈதர்சல்ஃபோன் அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வின் (புரத அளவிலான மூலக்கூறுகளைப் பிடிக்கும் நுண்துளை வடிகட்டி) மேல் பாலிடோபமைன் (டோபமைன் மூலக்கூறுகள் கோத்து உருவாகும் பாலிமர்) பூச்சு போடும் முறையை, நான் சறுக்கிய இடங்களோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். ஆய்வுக்கூட அளவில், உள்ளங்கை அகலத் துண்டுகளுக்கான முறை இது.

முதலில், ஏன் அடைக்கிறது? பாலிஈதர்சல்ஃபோன் நல்ல பிளாஸ்டிக். வெப்பம், அமிலம், காரம் எல்லாம் தாங்கும். ஆனால் தண்ணீரோடு அதற்கு அவ்வளவு ஒட்டுறவு இல்லை. புரதத்தின் மேலும் தண்ணீருக்கு ஆகாத திட்டுகள் உண்டு. இரண்டும் சந்தித்தால் நடுவில் இருக்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சோதனைக்கு நாம் பயன்படுத்தும் மாட்டு சீரம் அல்புமின் என்ற புரதத்தின் மூலக்கூறு எடை 66 கிலோடால்டன், குறுக்களவு சுமார் 7 நானோமீட்டர். 100 கிலோடால்டனுக்கு மேற்பட்டதைத் தடுக்கும் சவ்வின் துளையோ ஏறத்தாழ 10 முதல் 20 நானோமீட்டர். ஆக, புரதம் மேலே மட்டும் படிவதில்லை, துளைக்குள் இறங்கி அங்கேயும் குடியேறிவிடும். மேலே படிந்ததைக் கழுவிவிடலாம். உள்ளே போனதுதான் தலைவலி.

மேற்பரப்பைத் தண்ணீர் விரும்பியாக மாற்றினால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு மெல்லிய போர்வை ஆகிவிடும். புரதம் அந்தப் போர்வையை விலக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். எல்லாப் பூச்சுகளுக்கும் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான்.

பாறையில் ஒட்டிக்கொண்டு அலைக்கு அசையாமல் இருக்கும் கடல் சிப்பியின் பசைப் புரதத்தைப் பார்த்துத்தான் டோபமைன் யோசனை வந்தது. மெசர்ஸ்மித் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. லேசான காரத்தில் டோபமைனைக் கரைத்து, பொருளை உள்ளே போட்டுவிட வேண்டியது. கண்ணாடி, உலோகம், டெஃப்லான் என்று எதன் மேலும் படிந்துவிடும். ஒரு நாள் வைத்தால் சுமார் 50 நானோமீட்டர் கனம் வரும். அந்த 50-ஐயும் மேலே சொன்ன 20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் பூசியது துளையில்லாத பொருள்களுக்கு. நாம் பூசுவது சல்லடைக்கு.

இன்னும் ஒரு கணக்கு. துளை வழியே பாயும் தண்ணீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 நானோமீட்டர் துளையின் சுவரில் சுற்றிலும் வெறும் 1 நானோமீட்டர் பூச்சு ஏறினால் விட்டம் 18 ஆகிறது. 0.9-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 0.66. மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் காலி. 2 நானோமீட்டர் ஏறினால் மிஞ்சுவது 41 சதவீதம். நான் 40 நிமிடத்துக்கு மேல் வைக்காததற்குக் காரணம் இதுதான்.

தயார் செய்வது

சவ்வுத் தாளைக் கத்தரிப்பதற்கு முன் எந்தப் பக்கம் பளபளப்பு என்று பாருங்கள். அதுதான் வேலை செய்யும் பக்கம். பின்பக்கம் துணி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பின்பக்க ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், ஐசோபுரோபனாலில் மை கரைந்து ஓடும். ஒரே தாளிலிருந்து குறைந்தது ஆறு வட்டம் வெட்டுங்கள், மூன்று பூச்சுக்கு, மூன்று ஒப்பீட்டுக்கு. ஒரே தாளின் இரண்டு மூலைகளுக்கு நடுவிலேயே நான் 15 சதவீத வித்தியாசம் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டை ஒரு துண்டோடு ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களின் தைரியம் எனக்கு வரவில்லை.

கடைச் சவ்வில் காயாமல் இருக்க கிளிசரின் தடவியிருப்பார்கள். 25 சதவீத ஐசோபுரோபனாலில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். அசிட்டோனைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், சவ்வு கெட்டுவிடும். டை மெத்தில் ஃபார்மமைடு சவ்வை முழுசாகவே கரைத்துவிடும்.

இந்தக் கிளிசரினால் எனக்கு ஒரு கதை உண்டு. முதல் வருடம் பூச்சுத் துண்டுகளை மட்டும் நன்றாகக் கழுவி, ஒப்பீட்டுத் துண்டை உறையிலிருந்து எடுத்து அப்படியே சோதித்திருக்கிறேன். பூச்சு போட்டதும் ஃப்ளக்ஸ், அதாவது சவ்வு வழியே போகும் ஓட்டம், கூடிவிட்டது என்று வரைபடம் போட்டு, ஆய்வுக் குழுக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, கன்ட்ரோலைக் கழுவினியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான்கு மாத வேலை. அன்றிலிருந்து ஒப்பீட்டுத் துண்டும் எல்லாச் சடங்கும் பார்க்கும்: அதே ஐசோபுரோபனால், அதே தண்ணீர், டோபமைன் மட்டும் இல்லாத அதே கரைசலில் அதே 40 நிமிடம்.

ஊறிய பிறகு சவ்வைக் காயவிடாதீர்கள். துளையிலிருந்து தண்ணீர் வெளியேறும்போது சுவர்களை உள்ளுக்கு இழுக்கும், துளை சுருங்கிப்போகும். ஃபோனில் பேசிக்கொண்டே துண்டை டிஷ்யூ காகிதத்தின் மேல் வைத்துவிட்டு மறந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான்.

பூச்சு

டிரிஸ் (பி.எச்.சை நிலையாக வைக்கும் பொருள்) 1.21 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில். இது 10 மில்லிமோலார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 8.5-க்குக் கொண்டு வாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம். டிரிஸின் பி.எச். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.03 இறங்கும். ஏ.சி. அறையில் 25 டிகிரியில் 8.5 வைத்துவிட்டு, 32 டிகிரி இருக்கும் அறையில் பூச்சு போட்டால் உங்கள் கையில் இருப்பது 8.3. சென்னைச் சித்திரையில் மின்சாரம் போன ஒரு மதியம் இதைக் கற்றுக்கொண்டேன். பூச்சு போடும் அறையிலேயே பி.எச். வையுங்கள்.

சவ்வின் பளபளப்புப் பக்கம் மட்டும் கரைசலைத் தொட வேண்டும். முழுசாக மூழ்கடித்தால் பின்பக்கத் துணியிலும் உள் துளைகளிலும் பூச்சு ஏறி, பயனில்லாமல் ஓட்டத்தைக் குறைக்கும். நான் வைத்திருப்பது இரண்டு அக்ரிலிக் பலகை, மேல் பலகையில் வட்ட ஓட்டை, நடுவில் சிலிகான் வளையம், நாலு பக்கமும் பைண்டர் கிளிப். கடையில் வெட்டி வாங்கினால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஓட்டைக்குள் வெறும் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். கசியவில்லை என்றால் சரி.

இப்போது 100 மி.லி. டிரிஸ் கரைசலில் 200 மி.கி. டோபமைன் ஹைட்ரோகுளோரைடைப் போட்டுக் கலக்குங்கள். எல்லாம் தயாரான பிறகுதான் தூளைப் போட வேண்டும், ஏனென்றால் போட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. சவ்வின் மேல் ஒரு செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, ஷேக்கரில் மெதுவாக ஆடவிடுங்கள். மூடி போடாதீர்கள். காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன்தான் டோபமைனை ஆக்சிஜனேற்றம் செய்து பாலிமராக்குகிறது. தூசி விழும் என்று ஒரு பையன் பாராஃபிலிம் போட்டு இறுக்கி மூடிவிட்டான், வெளுத்த மஞ்சளோடு நின்றுபோனது.

அடுத்த 40 நிமிடம் கரைசலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பார்க்கத் தகுந்த காட்சி. நிறமில்லாத தண்ணீர் சில நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும், ரோஸ்மில்க்கில் நிறைய தண்ணீர் கலந்த மாதிரி. அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு. கரைசல் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும்போது அடியில் சவ்வு பால் கூடிய டீ நிறத்தில் இருக்கும். அங்கே நிறுத்துங்கள். மேலும் விட்டால் கரைசலிலேயே பாலிடோபமைன் கட்டிகள் உருவாகி மணல் மாதிரி சவ்வின் மேல் உட்காரும். அதைப் பூச்சு என்று சொல்ல முடியாது. நாமே அடைப்பை உண்டாக்குகிறோம் என்று அர்த்தம்.

கையுறை கட்டாயம். விரலில் பட்டால் மூன்று நாளைக்கு மருதாணி போட்டு அழிந்த மாதிரி இருக்கும்.

கரைசலைக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசுங்கள். பிறகு 10 நிமிடம் ஐசோபுரோபனால், திரும்பவும் தண்ணீர். சரியாக ஒட்டாததெல்லாம் இதில் போய்விடும். அலசும் தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வடிநீர் இயந்திரம் பழுதான ஒரு வாரம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். டீ நிறத் துண்டுகள் கண் முன்னால் சாம்பல் பூத்துக் கறுத்தன. தண்ணீரில் இருந்த இரும்பு, பூச்சில் உள்ள கேட்டகோல் கைகளை, அதாவது வளையத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை, பிடித்துக்கொண்டது. சிப்பியும் இரும்பை இப்படித்தான் பயன்படுத்திக்கொள்கிறது, ஆனால் அது தண்ணீர் வடிகட்டப் போவதில்லை.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது அடித்தளம் மட்டும்தான். புரதம் ஒட்டாத பரப்பு தண்ணீர் விரும்பியாகவும், மின்னூட்டம் இல்லாமலும், ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கும் கைகள் இல்லாமலும் இருக்க வேண்டும் என்பது வைட்சைட்ஸ் குழுவினர் 2001-ல் வகுத்துச் சொன்னது. பாலிடோபமைனில் அப்படிப்பட்ட கைகள் நிறைய. அதனால் அதன் மேல் பாலிஎத்திலீன் கிளைகாலைக் கட்டுவது நல்லது. ஒரு முனையில் அமீன் உள்ள 5,000 டால்டன் ரகம், மி.லி.க்கு 1 மி.கி., அதே டிரிஸ் கரைசலில், 60 டிகிரியில் ஒரு மணி நேரம். அமெரிக்காவின் ஆஸ்டினில் ஃப்ரீமன் குழுவினர் சவ்வுகளுக்கு இந்த வழியைத்தான் விரிவாகப் பயன்படுத்தினார்கள். அமீன் முனையுள்ள கிளைகால் விலை கொஞ்சம் கடிக்கும்.

விலைக்குப் பயந்து பலர் பாலிஎத்திலீன்இமின் பக்கம் போகிறார்கள். டோபமைனோடு சேர்த்துப் போட்டால் அழகாக, கட்டியில்லாமல் படியும், உண்மை. ஆனால் பரப்பு நேர்மின்னூட்டம் பெற்றுவிடும். அல்புமினின் சமமின் புள்ளி (நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் பி.எச்.) 4.7 பக்கம் இருப்பதால், பி.எச். 7.4-ல் அது எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி வந்து ஒட்டும்.

பணம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது டானிக் அமிலமும் இரும்பும். கரூசோ குழுவினர் 2013-ல் காட்டிய வழி. லிட்டருக்கு டானிக் அமிலம் 0.4 கிராம், ஃபெரிக் குளோரைடு 0.1 கிராம், கலந்து பி.எச்.சை எட்டுக்குப் பக்கத்தில் உயர்த்தினால் சில நொடியிலேயே படிந்துவிடும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புத் தண்ணீரும் சேர்ந்து கறுப்பு பிடிக்கிறதே, கிட்டத்தட்ட அதே வேதியியல். கிணற்றுத் தண்ணீரில் எனக்கு வில்லனாக வந்த இரும்பு இங்கே அளவாக வேலை செய்கிறது. ஆனால் சிட்ரிக் அமிலம் போட்டுக் கழுவினால் இரும்பு கழன்று பூச்சு போய்விடும்.

சோதனை

நிறையப் பேர் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் இங்கேதான்.

நைட்ரஜன் அழுத்தத்தில் ஓடும் கலக்கிச் செல் (அடியில் சவ்வும் உள்ளே கலக்கியும் உள்ள சோதனைக் கலம்), 50 மி.லி. கொள்ளளவு. அதன் சவ்வுப் பரப்பு 13.4 சதுர செ.மீ., அதாவது 0.00134 சதுர மீட்டர். முதலில் 1.5 பாரில் ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட்டி சவ்வை அமுக்கிவிடுங்கள். இல்லையென்றால் சவ்வு தானாக அமுங்குவதால் குறையும் ஓட்டத்தையும் அடைப்புக் கணக்கில் எழுதிவிடுவீர்கள். பிறகு 1 பார். வெளியே வரும் தண்ணீரைத் தராசில் பிடியுங்கள். 3 நிமிடத்தில் 10 கிராம் வந்தால், 0.010 லிட்டரை 0.00134-ஆலும் 0.05 மணியாலும் வகுக்க, ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 149 லிட்டர். இதுதான் தண்ணீர் ஃப்ளக்ஸ்.

அடுத்து லிட்டருக்கு 1 கிராம் அல்புமின், பி.எச். 7.4 பாஸ்பேட் கரைசலில். அல்புமின் தூளைக் கரைசலின் மேல் தூவி, தானாக மூழ்க விடுங்கள். காந்தக் கலக்கியை வேகமாகச் சுற்றினால் நுரை வரும், நுரையில் புரதம் உருக்குலையும். செல்லின் 50 மி.லி. போதாது, ரிசர்வாயர் பாட்டிலை இணைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு அழுத்தத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பி, நிமிடத்துக்கு 400 சுற்றில் 20 நிமிடம் கழுவி, மறுபடியும் தண்ணீர் ஃப்ளக்ஸ். கழுவிய பிறகு வந்ததை முதலில் இருந்ததால் வகுத்தால் மீட்பு விகிதம்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு நாள் கணக்கு. 1 பாரில் வெறும் சவ்வு 150-ல் தொடங்கியது, கழுவிய பின் 78. மீட்பு 52 சதவீதம். 40 நிமிடப் பூச்சு, மேலே கிளைகால் கட்டியது, 110-ல் தொடங்கியது, கழுவிய பின் 97. மீட்பு 88. முப்பத்தாறு புள்ளி முன்னேற்றம்! ஆனால் 150-ல் ஓடும் சவ்வு ஒரு மணி நேரத்தில் தன்னிடம் இழுக்கும் புரதம், 110-ல் ஓடும் சவ்வு இழுப்பதைவிட அதிகம், இழுக்கும் விசையும் அதிகம். கூட்டமான பேருந்தையும் காலிப் பேருந்தையும் ஒப்பிட்டு எதில் நசுங்கவில்லை என்று கேட்கிற கதை. ஃப்ளக்ஸ் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அடைப்பு வேகமெடுக்கிறது என்பது 1995-லேயே ஃபீல்டும் கூட்டாளிகளும் எழுதிய விஷயம்.

ஆகவே வெறும் சவ்வின் அழுத்தத்தைக் குறைத்து, அதையும் 110-லேயே தொடங்குங்கள். எனக்கு 0.73 பார் தேவைப்பட்டது. இப்போது வெறும் சவ்வு கழுவிய பின் 66. மீட்பு 60. என் பூச்சின் உண்மையான ஆதாயம் 28 புள்ளி. மீதி எட்டும், ஓட்டத்தைக் குறைத்ததால் வந்த இனாம். அந்தக் கறுப்புத் துண்டை இப்படிச் சோதித்தபோது வெறும் சவ்வைவிட அது துளிகூட மேல் இல்லை.

கூடவே வெளிவரும் திரவத்தின் உறிஞ்சலை 280 நானோமீட்டரில் அளந்து எவ்வளவு புரதம் தப்பியது என்று பாருங்கள். பூச்சுக்குப் பிறகு தப்புவது கூடியிருந்தால், நீங்கள் இடுக்கியால் சவ்வைக் கீறியிருக்கிறீர்கள், அல்லது ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை. தொடுகோணம் (நீர்ச்சொட்டு பரப்பில் உட்காரும் கோணம்) அளப்பவர்கள் சொட்டு விழுந்த மூன்று நொடிக்குள் படம் எடுங்கள். துளையுள்ள பரப்பில் சொட்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், தாமதித்தால் எல்லாச் சவ்வும் தண்ணீர் விரும்பியாகத் தெரியும்.

அல்புமினில் தேறியதும் பாக்கெட் பாலை ஐம்பது மடங்கு தண்ணீர் கலந்து ஓட்டிப் பாருங்கள். கேசின் உருண்டைகள் துளையைவிடப் பல மடங்கு பெரியவை, மேலே ஆடை மாதிரி படிந்துவிடும். என் பூச்சு இதில் ஓட்டம் குறைவதைத் தடுக்கவே இல்லை, ஆனால் கழுவும்போது ஆடை சுலபமாகக் கழன்று வந்தது. பூச்சின் வேலை படிவைத் தடுப்பதைவிட, படிந்ததைச் சீக்கிரம் விடுவிப்பதுதான் என்று எனக்குத் தோன்றியது அந்த நாள்தான்.

ஆலையில் வேலை செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே டோபமைன் வாங்கப் போக வேண்டாம். அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வுகளை அங்கே சோடியம் ஹைப்போகுளோரைட்டாலும் காஸ்டிக் சோடாவாலும் கழுவுவார்கள். இரண்டும் பாலிடோபமைனுக்கு எமன். 200 பி.பி.எம். ஹைப்போகுளோரைட்டில் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தேன், டீ நிறம் வெளுத்து, சவ்வு பழைய வெள்ளைக்குத் திரும்பிவிட்டது. குளோரின் படாத இடங்களுக்கு, வெந்நீரும் மென்மையான சோப்பும் போதும் என்கிற வேலைகளுக்குத்தான் இது. குளோரினையும் தாங்க வேண்டுமென்றால் சவ்வு வார்க்கும் கரைசலிலேயே தண்ணீர் விரும்பிக் கோபாலிமரைக் கலந்துவிடுவதோ, புற ஊதா ஒளியில் மோனோமரை நேரடியாகப் பிணைப்பதோ மேல். பாலிஈதர்சல்ஃபோன் தானே புற ஊதாவை உறிஞ்சி வினைபுரியும் என்பதால் தனியாகத் தூண்டி கூடத் தேவைப்படாது. அது வேறு சமையல்.

மாணவி மறுபடியும் போட்டாள், இந்த முறை ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு. முப்பத்தைந்தாவது நிமிடமே, "மேம், இந்தக் கலர் போதுமா?" என்று ஓடி வந்தாள். தட்டை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கட்டும் என்றேன்.